குதிரை செய்யக் கற்றுக்கொடுத்தேன்

மரவேலை கற்றுக்கொடுக்கிற தொழிலில் மரத்தால் ஒரு தொந்தரவும் கிடையாது. அது பாட்டுக்கு மூலையில் சாய்ந்து நிற்கும். பேசுவது, மறுப்பது, "வீடியோவில வேற மாதிரி காட்டறாங்களே" என்பது எல்லாம் அதை அறுக்க வருகிறவர்கள்தான்.

நீங்களும் எப்போதாவது யாருக்காவது கார் ஓட்டவோ, கணக்குப் போடவோ, ரவா தோசை வார்க்கவோ சொல்லிக்கொடுத்து, பாதியில் "தள்ளு, நானே செஞ்சுடறேன்" என்று பல்லைக் கடித்தவர் என்றால் நாம் ஒரே கட்சி. உங்களிடம் புலம்பலாம்.

அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிற கம்பெனி ஒன்றில் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு அலமாரி வரைந்தால் நானே அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன் என்ற நிலை வந்தபோது வேலையை விட்டேன். மைசூரிலேயே மேட்டகள்ளியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, உளியைக் கையால் தொட்டே இராதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு ஆரம்பித்தேன். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: குதிரை.

மரத்தை அறுக்கும்போது அதைத் தாங்கிக்கொள்ள நாலு காலில் ஒரு தாங்கி வேண்டும். அதுதான் குதிரை. ஜோடியாக இருந்தால்தான் உபயோகம். முதுகாக ஒரு கனமான கட்டை, அதில் துளைகள். ஒவ்வொரு காலின் நுனியிலும் அந்தத் துளைக்குள் இறங்குகிற மாதிரி ஒரு நாக்கு. நாக்கை இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணியை அடித்தால் கால் அசையாது. இரும்பு ஆணி கிடையாது, பசை கிடையாது. பெரிய மர வீடுகளின் கூரையைத் தாங்குகிற வித்தையும் இதேதான்; அதன் குட்டி வடிவம் இது. ஒரு குதிரையை வகுப்பில் செய்ய வேண்டும். அதன் ஜோடியை வீட்டில் செய்ய வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

குழந்தைக்குப் பிறந்தநாள்

வகுப்பு பற்றி நான் போட்ட விளம்பரத்தில் "நீங்களே ஒரு குதிரை செய்யுங்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை எழுதிய கையை நானே பிறகு பலமுறை திட்டியிருக்கிறேன். முதல் போன் ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. பையனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாளாம். குதிரை ஆடுமா, சக்கரம் வைத்ததா என்று கேட்டார். இது மரம் அறுக்க உதவுகிற குதிரை என்றேன். "பையன் மரமெல்லாம் அறுக்க மாட்டான், மேடம், யுகேஜிதான்" என்றார்.

நான் பொறுமையாக முதலிலிருந்து விளக்கினேன். முதுகு இருக்கும், நாலு கால் இருக்கும், அவ்வளவுதான். தலை கிடையாது. கண், காது, பிடரி எதுவும் கிடையாது. உட்கார்ந்தால் தொடையில் குத்தும். சரி, சரி என்று கேட்டுக்கொண்டார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ரொம்பத் தாழ்ந்த குரலில், ஏதோ கடைசியாக ஒரு சலுகை கேட்பது மாதிரி கேட்டார்: "அப்போ வால்கூட வராதா, மேடம்?"

அளந்துகொண்டே இருந்தவர்

அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்த குழுவில் முதலில் சேர்ந்தவர் கிருஷ்ணமூர்த்தி சார். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், குவெம்புநகரில் வீடு. முதல் நாளே சொந்தமாக ஒரு டேப், ஒரு இரும்பு ஸ்கேல், கூர் சீவிய பென்சில்கள், மூக்குக் கண்ணாடிக்கு மேல் மாட்டுகிற ஒரு பூதக்கண்ணாடி எல்லாம் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு மாணவர் கிடைக்க மாட்டாரா என்றுதானே ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணீர் அடுத்த வாரமே வேறு காரணத்துக்கு வந்தது. சார் கோடு போடுவார், அளப்பார், அழிப்பார், மறுபடி போடுவார். பக்கத்தில் எல்லோரும் ரம்பத்தை இழுத்து மரத்தூளில் குளித்துக்கொண்டிருக்க, இவர் கட்டை மட்டும் பிறந்த குழந்தை மாதிரி ஒரு கீறல் இல்லாமல் கிடக்கும். "போதும் சார், கோடு சரியா இருக்கு, அறுங்க" என்பேன். தலையாட்டுவார். ரம்பத்தை எடுப்பார், கோட்டின் மேல் வைப்பார், மூச்சை இழுத்துப் பிடிப்பார். அப்புறம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுப்பார். ஒருநாள் நான் அவர் கையைப் பிடித்து ரம்பத்தோடு சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தே விட்டேன். பாவம், ஏதோ அவர் விரலையே அறுத்த மாதிரி துடித்துப்போனார். "ஏன் சார் இவ்வளவு பயம்?" என்றேன்.

"பேங்க்ல தப்பா எழுதினா அடிச்சுட்டுத் திருத்தி, பக்கத்தில கையெழுத்துப் போட்டுடலாம் மேடம். இங்க எங்க போடறது கையெழுத்து?" என்றார்.

நஞ்சன்கூட்டுப் பனி

இலவசம் என்ற சொல் ஒரு வகுப்பை எப்படிக் கெடுக்கும் என்பதை நான் மகேஷிடம் தெரிந்துகொண்டேன். மகேஷ் குண்டலுபேட்டைக்காரன். மைசூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஊரில் அப்பாவுக்குத் தோட்டம். நல்ல மனசு. அதுதான் பிரச்சினையே. வகுப்பில் எல்லோரும் முதல் குதிரையை முடித்திருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி சார் நீங்கலாக. அந்தக் குதிரைகளுக்கு நான் கொடுத்தது நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் மரம். வீட்டில் செய்யவேண்டிய இரண்டாவது குதிரைக்கு அவரவர் மரம் வாங்க வேண்டும். "யாரும் வாங்க வேண்டாம், எங்க தோட்டத்திலயே இருக்கு" என்று மகேஷ் அறிவித்து, அடுத்த ஞாயிறு ஒரு டெம்போ நிறையக் கட்டைகளோடு வந்து இறங்கினான்.

கட்டையைத் தூக்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது. கல் மாதிரி கனம். கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருந்தது. அறுத்த முனையில் கையை வைத்தால் விரல் நனைந்தது. மரத்தை வெட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், இன்று இறுக்கமாக இறங்குகிற நாக்கு காய்ந்தபிறகு துளைக்குள் லொடலொடவென்று ஆடும், கால் விரியும், மேலே இருப்பது கீழே வரும் என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "அப்பா வெட்டிப் போட்டு ரொம்ப நாளாச்சு மேடம்" என்று மகேஷ் சாதித்தான். அவன் கண்முன்னே ஒரு கட்டையை நிமிர்த்தி நிறுத்தினேன். அடியில் தரையில் ஈரம் வட்டமாகப் பரவியது. இதுக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் திருப்பி ஏற்று என்று சொல்லிவிட்டு நான் உள்ளே கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் டெம்போ பாதி காலி. ஆளாளுக்கு அவரவர் வண்டியில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு என் கண்ணைப் பார்க்காமல் நிற்கிறார்கள். எவ்வளவு சொல்லியும் ஒருவரும் இறக்கவில்லை. மகேஷ் மட்டும் இன்னும் அந்த ஈர வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது ஈரம் இல்ல மேடம். நஞ்சன்கூடு வர்ற வரைக்கும் ஒரே பனி."

ஆளுக்கு ஒன்று

பிரதீப், ஸ்வாதி இருவரும் கணவன் மனைவி. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. தமிழ் வீடுகளில் பிறந்தவர்கள்தான் என்றாலும் சண்டை என்று வந்துவிட்டால் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். சமாதானமானால் திரும்பத் தமிழுக்கு வருவார்கள். அவர்கள் வகுப்புக்கு வந்ததே, வார இறுதியில் சேர்ந்து ஏதாவது செய்தால் நல்லது என்று யாரோ ஆலோசனை சொன்னதால். சொன்னவர் யார் என்று தெரிந்தால் நான் நேரில் போய்ப் பேசத் தயாராக இருக்கிறேன்.

வீட்டில் செய்த குதிரையை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். வகுப்பில் செய்தது பிரதீப், வீட்டில் செய்தது ஸ்வாதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைவிட ஒரு விரல்கடை உயரம். மேலே பலகை வைத்தால் பென்சில் உருண்டது. பரவாயில்லை, உயரமானதன் கால்களைக் கொஞ்சம் அறுத்தால் சரியாகிவிடும் என்றேன். உயரமானது ஸ்வாதியுடையது. "நான் ஏன் அறுக்கணும்? என்னோடதுதான் அளவுப்படி இருக்கு. அவன் கால் குட்டை" என்றாள். "சும்னே வாதம் பண்ணாதே" என்று ஆரம்பித்தான் பிரதீப். அப்புறம் முழுக் கன்னடம்.

நான் குதிரையின் அளவுப் படத்தை எடுத்துவைத்து இரண்டையும் அளந்தேன். இரண்டுமே தப்பு. ஒன்று அளவுக்கு மேலே, ஒன்று அளவுக்குக் கீழே. இதைச் சொன்னால் சமாதானமாகிவிடுவார்கள் என்று நான் நினைத்ததுதான் மகா முட்டாள்தனம். அதுவரை ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியவர்கள் இப்போது இரண்டு பேருமாக என்னைப் பார்த்துக் கத்தினார்கள். உங்கள் டேப் பழசு என்றார்கள். உங்கள் ஷெட்டின் தரை சரிவு என்றார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு குதிரையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்கள். காரில் ஏறுவதற்கு முன்னால் ஸ்வாதி திரும்பி வந்தாள். கோபம் போய்விட்டிருந்தது. நிஜமான சந்தேகத்தோடு, நல்ல தமிழில் கேட்டாள்.

"மேடம், ஒருவேளை நாளைக்கு நாங்க பிரிஞ்சுட்டோம்னா, ஒத்தைக் குதிரையை வச்சு ஏதாவது பண்ண முடியுமா?"

இரும்பு ஆணி

செல்வி வகுப்பில் சேர்ந்த காரணத்தை மட்டும் நான் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. அவளுக்கு ஊர் கௌதள்ளி. இங்கே ஒரு அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கணவர் முருகேசன் பெயிண்டர். போன வருஷம் ஒரு கட்டடத்தில் காலி பெயிண்ட் டின்களை அடுக்கி, மேலே பலகை போட்டு ஏறியிருக்கிறார். டின் சரிந்தது. இடுப்பில் அடிபட்டு மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் இருந்தார். அவர் ஏறி நிற்பதற்கு உறுதியாக ஒரு ஜோடி வேண்டும் என்றுதான் செல்வி வந்தாள். இரும்பில் ரெடிமேடாகவே கிடைக்குமே என்று கேட்டேன். "அது மேஸ்திரியோடதா இருக்குமுங்க அக்கா. பாதி வேலையில வேற சைட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. மறுக்கா டின்னுதான்" என்றாள்.

காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மாணவி எமகாதகி. நான் எட்டு அடி அடிக்கிற இடத்தில் அவள் பதினாறு அடிப்பாள். உளியை மெதுவாகத் தட்டு என்றால் கொட்டாப்புளியை, அதாவது மரச் சுத்தியலை, ஓங்கி ஒரே போடு. இரண்டு உளிகளுக்குப் பிடி போனது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மர ஆணி அடித்து முடித்து அழகாக நின்ற குதிரையில், நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், பையிலிருந்து விரல்நீளத்துக்கு இரும்பு ஆணிகளை எடுத்து ஒவ்வொரு காலிலும் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கட்டையின் நுனிக்குப் பக்கத்தில் இரும்பு ஆணி இறங்கினால் மரம் பிளந்துவிடும், மர ஆணி ஒன்றே போதும், யானை ஏறினாலும் தாங்கும் என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடித்த ஆணிகளைக் கழற்றியும் கொடுத்தாள். ஆனால் வீட்டில் செய்கிற குதிரைக்கும் அதே மாதிரி செய்வாயா என்று கேட்டபோது மட்டும் பதில் சுற்றி வந்தது.

"உங்க மர ஆணி மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க அக்கா. இரும்பு ஆணி, ராத்திரி நான் தூங்கறதுக்குங்க."

பந்தியில்

வெயில் காலம் வந்தது. மகேஷின் அக்கா புது வீடு கட்டி முடித்து கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே மகேஷ் என்னைப் பிடித்துக்கொண்டான். பெரியப்பா, மாமா, மாமாவின் சம்பந்தி என்று ஒருவர் விடாமல் கூட்டிப்போய் "இவங்கதான் எங்க மேடம், எனக்கு மரவேலை கத்துக்கொடுத்தவங்க" என்று அறிமுகப்படுத்தினான். பிறகு பந்தி நடக்கிற மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஷாமியானாவுக்குக் கீழே நீளமான ஒரு பலகை. அதன் மேல் பெரிய பாத்திரத்தில் பிசிபேளே பாத், பக்கத்தில் பாயசம், தட்டில் கோசம்பரி. பலகைக்குக் கீழே பார்த்தேன். ஒரு பக்கம் வகுப்பில் செய்த குதிரை. இன்னொரு பக்கம் நஞ்சன்கூட்டுப் பனி.

"மகேஷ், அந்தப் பாத்திரத்தை முதல்ல இறக்கு" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. பரிமாறுகிறவர் பிசிபேளே பாத்தில் கரண்டியை விட்டு அழுத்தினார். அந்தக் குதிரையின் கால்கள், தூக்கக் கலக்கத்தில் உட்காருகிற மாடு மாதிரி, நிதானமாக இரண்டு பக்கமும் விரிந்தன. பலகை சரிந்தது. பாத்திரம் வழுக்கிக்கொண்டு வந்தது. பரிமாறுகிறவர் எகிறிக் குதித்ததால் யாருக்கும் காயமில்லை. பாயசம் மட்டும் நேராக என் புடவைக்கு வந்தது. இவ்வளவு நேரம் எனக்கு வணக்கம் சொன்ன பெரியப்பாவும் மாமாவும் மாமாவின் சம்பந்தியும் என்னையே பார்த்தார்கள். மகேஷின் அம்மா ஓடிவந்து தன் முந்தானையால் என் புடவையைத் துடைத்துவிட்டு, என்னைத் தேற்றுகிற குரலில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்கள்.

"பரவால்ல விடுங்கம்மா. நீங்களும் இப்பத்தானே கத்துக்கொடுக்கப் பழகறீங்க?"

யாரும் ஏறாதீர்கள்

புடவையில் பாயசத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அந்த மரத்தில் இன்னும் எத்தனை பேர் குதிரை செய்திருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணினேன். முதலில் கிருஷ்ணமூர்த்தி சார். "நான் இன்னும் அறுக்கவே இல்லையே மேடம்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன். அடுத்தது ஸ்வாதி. குதிரை பால்கனியில் இருக்கிறதாம், அதன் மேல் நாய் தூங்குகிறதாம். நாயை இறக்கச் சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்த பிரதீப்பிடம் சொன்னாள். "உன் குதிரை, உன் நாய், நீயே இறக்கு" என்று பின்னாலிருந்து கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

செல்வி போனை எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். பாயசத்தைக் கழுவக்கூட நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். வாட்ச்மேனிடம் சொல்லி அவளைக் கூப்பிட வைத்தேன். துடைப்பத்தோடு வந்தாள். என் புடவையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். வீட்டில் செய்த குதிரை எங்கே என்றேன். அந்தப் பச்சை மரத்தில்தானே செய்தாய் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். இரும்பு ஆணியும் அடித்தாயா என்றேன். அதற்கும் தலையாட்டினாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"விஜயநகர்ல மாடிவீடுங்க அக்கா. காத்தால இருந்து அது மேலதான் நின்னுட்டிருக்காரு."

ஒரு கை பாக்கி

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் வழி முழுக்க அவருக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள். பெயிண்ட் கையோடு அவர் போனைத் தொட மாட்டாராம். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே "போங்க அக்கா" என்று என் தோளைத் தட்டினாள். நான் ஏதோ தைரியம் சொன்னேன். அவள் மறுபடி நம்பரை அழுத்தினாள்.

புது வீடு. மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் முருகேசன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு குதிரைகள், நடுவில் பலகை, பலகை மேல் அவர், கையில் ரோலர், கண் கூரையில். அவருக்குப் பின்னால் படிக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. அப்படியே கீழ்க்கூடம் வரைக்கும் திறந்து கிடந்தது. அந்தத் திறப்பின் ஓரத்தில் இருந்ததுதான் வீட்டில் செய்த குதிரை. நாக்குக்கும் துளைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. ஆணி இறங்கிய இடத்தில் கால் நீளமாகப் பிளந்திருந்தது. அவர் ரோலரைத் தள்ளும்போதெல்லாம் அந்தப் பிளவு வாயைத் திறந்து மூடியது.

"முருகேசன், மெதுவா இறங்குங்க. அசையாம இறங்குங்க" என்றேன். அவர் திரும்பாமலே, "இந்த ஓரத்தை முடிச்சுட்டு வாறனுங்க மேடம். இப்ப விட்டா கோடு கோடாத் தெரியுமுங்க" என்றார். நான் கத்தினேன். அவர் ரோலரைப் பெயிண்டில் தோய்த்தார். செல்வி கத்தவில்லை. என்னைத் தாண்டிப் போய் அந்தக் குதிரைக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிளந்த காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அடியுங்க. நான் புடிச்சுக்கறேன். ஒடைஞ்சா என் மேலயே விழுங்க" என்றாள்.

ரோலர் நின்றது. அவர் குனிந்து அவளைப் பார்த்தார். அப்புறம் முட்டை மேல் நடக்கிறவர் மாதிரி பலகையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செல்வியைக் கை கொடுத்து எழுப்பி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். பலகையை அகற்றிவிட்டு நான் அந்தக் குதிரையின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பெரிய அழுத்தம்கூட இல்லை. பிளந்த கால் இரண்டாக விலகியது; மொத்தமும் சரிந்து திறப்பின் வழியாகக் கீழ்க்கூடத்தில் போய் விழுந்தது. அந்தச் சத்தம் வீடு முழுக்கச் சுற்றி வந்தது. செல்வி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். முருகேசன் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"இன்னும் ஒரு கை பெயிண்ட் பாக்கி இருக்குதுங்க மேடம். இனி நான் எதுல ஏறி நிக்கறதுங்க?"

பலகை மேல் இருவர்

அன்று மாலையே ஷெட்டிலிருந்து என் சொந்தக் குதிரைகளைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு செல்வி வந்தாள். வழக்கமாக வந்ததும் வாயைத் திறப்பவள், அன்று நேராக மரத்திடம் போனாள். காய்ந்த கட்டைகளை நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், அறுத்த முனையைத் தடவினாள். போதும், ஆரம்பி என்று நான் எரிந்து விழுகிற வரைக்கும் தடவினாள். நாக்கு பெரிதாகப் போனது, சீவினாள். துளை கோணலாகப் போனது. அந்தக் கட்டையை ஒதுக்கிவிட்டு வேறு கட்டையில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருநாளில் முடியவில்லை, இரண்டு ஞாயிறு ஆனது. கொட்டாப்புளியை மட்டும் அப்போதும் ஓங்கித்தான் அடித்தாள். இன்னொரு உளிப்பிடியும் போனது.

முடித்த அன்றைக்கு முருகேசனை வரச் சொல்லியிருந்தேன். இனி என் வகுப்பில் யார் செய்த குதிரையாக இருந்தாலும் எல்லோர் முன்னாலும் அதில் ஏறி நின்று காட்டிய பிறகுதான் வெளியே போகும் என்று புது விதி போட்டிருந்தேன். புதியதையும் வகுப்பில் முன்பு செய்ததையும் ஜோடியாக நிறுத்தி, பலகை வைத்து, ஏறுங்கள் என்றேன். அவர் ஏறவில்லை. கிட்டே வந்தார், பலகையைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். கீழ்க்கூடத்தில் கேட்ட அந்தச் சத்தம் அவர் காதில் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறினாள். நடுப்பலகையில் நின்று ஒரு குதி குதித்தாள். குதிரை முனகக்கூட இல்லை. "பாத்தீங்களா? வாங்க" என்று கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முதலில் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் தளர்ந்தது. நிமிர்ந்தார். நாலு பக்கமும் திரும்பினார். என் ஷெட்டின் சுவரை, கீழே நிற்கிற நாங்கள் யாரும் பார்த்திராத அதன் மேல்பகுதியை, ஒட்டடையை, மழைத் தண்ணீர் வழிந்த கறையை, பெயர்ந்து தொங்குகிற சுண்ணாம்பை, ஒரு தொழில்காரர் பார்க்கிற பார்வை பார்த்தார்.

நன்றி சொல்லப்போகிறார் என்று நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"ஏனுங்க மேடம், ஊருக்கெல்லாம் பாடம் சொல்றீங்கோ. இந்தச் சுவத்தை ஒருக்காலாவது நிமிர்ந்து பாத்திருக்கீங்களா?"

இப்போது ஷெட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த இளம்பச்சை நிறம், செல்வி புண்ணியத்தில் எனக்கு மாதம் ஒரு புது உளிப்பிடி, அடுத்த குழுவில் சேர ஆறு பேர், அதில் இரண்டு பேர் முதல் போனிலேயே குதிரை என்ன கலர் என்று கேட்டவர்கள். ஆக, மரவேலை கற்றுக்கொடுப்பவர்கள் முதலில் பக்குவப்படுத்திக் காயவைக்கவேண்டியது மரத்தை அல்ல, தங்களைத்தான்.